ஆவுடையப்பன் போட்ட கமா

'ஐந்தே நிமிடத்தில் தொடங்கிவிடலாம்' என்று அந்தச் செய்முறைக் குறிப்பின் முதல் வரியில் எழுதியவன் கையில் கிடைத்தால் அவனை என்ன செய்யலாம் என்று சுடர்க்கொடி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். அடிப்பதெல்லாம் வேண்டாம். அவனை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவன் எழுதியதை அவனிடமே கொடுத்து, எங்கே தொடங்கிக் காட்டு பார்க்கலாம் என்று சொன்னால் போதும்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தோரணம் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க். அதில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கம் 'வணக்கம்' சொல்ல வேண்டும். எழுதுவது நாலு வரியில் முடிந்துவிட்டது. எழுதியதைப் பிரவுசரில் ஓடும்படி கட்டித்தர ஒரு பில்ட் டூல் வேண்டுமே, அங்கேதான் சனி பிடித்தது. அதன் பெயர் கொத்தனார். ஊர் உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் துண்டு நிரல்களைப் பேக்கேஜ் பேக்கேஜாகக் கேட்டு வாங்கி, அடுக்கி, பூசி, ஒரு பக்கமாக்கிக் கொடுப்பது அதன் வேலை. குறிப்பில் கையில் கரண்டியோடு ஒரு கொத்தனார் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க சுடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் கொத்தனாரின் பதிப்பு பழையது என்றது. புதியதைப் போட்டால் தோரணம் பழையது என்றது. இரண்டையும் புதிதாக்கினால் இவ்வளவு புதிதாக இருக்கக் கூடாது என்றது. அதையெல்லாம் முட்டி மோதித் தாண்டி வந்தால், கடைசிப் படியில் சிவப்பு எழுத்தில் இது நின்றது:

'கோடிக்கமா: எழுதியவர் உயிரோடிருப்பது உறுதியாகவில்லை. கட்டுமானம் நிறுத்தப்பட்டது.'

ஆரம்பத்தில் ஏதோ மொழிபெயர்ப்புக் கோளாறு என்றுதான் நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். மெஷினை அணைத்துப் போட்டாள். இணையத்தில் தேடினால் இதே எரரைப் போட்டு நாலு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு பேர் 'எனக்கும்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு புண்ணியவான் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டு, எப்படிச் சரியானது என்று சொல்லாமலே போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் ஓட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் ஈரோட்டில் அண்ணன் வீடு. பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலை விட்டிருந்தவளை, நாற்பதை நெருங்கும் வயதில், இரண்டு வாரம் பார்க்கிறோம் என்று சேர்த்துக்கொண்ட ஒரே கம்பெனி இது. கணவன் பிரிந்துபோன பிறகு அண்ணன் வீட்டில் ஒரு வருடம் இருந்தாள். அண்ணி ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சாப்பிடும்போது 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று ஒரு நாள் விடாமல் சொன்னாள். அந்த உபசாரத்துக்கு மறுபடி போய் நிற்க முடியாது என்று சுடருக்கு உறுதியாகத் தெரியும்.

"ரிஸ்வான், கொஞ்சம் வர்றீங்களா?"

ரிஸ்வான்தான் டீம் லீட். அவளைவிடப் பத்து வயது சிறியவன். சென்னை ஓ.எம்.ஆர் சாலையின் பாதி டீக்கடைகளில் அவனுக்குக் கணக்கு உண்டு. வந்து குனிந்து பார்த்தான்.

"என் மெஷின்ல ஓடுதே" என்றான்.

பன்னிரண்டு வருடத்தில் மொழி மாறிவிட்டது, டூல் மாறிவிட்டது, கீபோர்டுகூடப் பாதி பேருக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"உங்க மெஷின்ல ஏன் ஓடுது?"

"நான் மூணு வருஷம் முன்னாடி நம்ம டீம் ஜெனிட்டாகிட்ட இருந்து அப்படியே ஃபோல்டரைக் காப்பி பண்ணேன். அவங்க பழைய கம்பெனில இருந்து எடுத்துட்டு வந்தாங்க. அதுல எல்லா பேக்கேஜும் அப்பவே செக் ஆகி உள்ள உக்காந்திருக்கு. திரும்பப் போய் யாரையும் கேக்காது."

"அப்ப யாருமே முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதில்லையா?"

"எதுக்கு? வீட்ல தயிருக்கு உறை ஊத்துறோம்ல. நேத்துத் தயிர்ல ஒரு ஸ்பூன் எடுத்துத்தானே ஊத்துறோம். தீந்துபோச்சுன்னா பக்கத்து வீட்ல வாங்குறோம். முதல் தயிர் எங்க இருந்து வந்துச்சுன்னு எவன் பாத்தான்?"

"எனக்கும் ஒரு ஸ்பூன் குடுங்களேன்."

"குடுப்பேன். ஆனா வெள்ளிக்கிழமை அது வேலைக்கு ஆகாது. ஆர்டர் குடுக்கப்போற கவர்மென்ட் டிபார்ட்மென்ட்காரங்க மெஷினை அவங்களே கொண்டுவருவாங்க. புது மெஷின், காலி மெஷின். அதுல நம்ம ஆளு தோரணம் போட்டு முதல்ல இருந்து கட்டிக் காட்டணும். அப்பதான் ஆர்டர். அதுக்குத்தானே உங்களை எடுத்தோம்? எங்க யாருக்கும் முதல்ல இருந்து கட்டவே தெரியாது."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. சுடருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"சரி, இது என்ன உயிரோட இருக்காரா இல்லையான்னு கேக்குது? எமன் எழுதின சாஃப்ட்வேரா இது?"

"ஓ, நீங்க ஃபீல்டுல இல்லாதப்ப வந்த சட்டம்." ரிஸ்வான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒருத்தர் ஒரு பேக்கேஜ் எழுதியிருந்தார். செத்துப்போயிட்டார். அவர் செத்ததே யாருக்கும் தெரியல. எவனோ அவர் பேர்ல உள்ள போய் விஷம் வெச்சுட்டான். அது ஊர்ல இருக்கிற எல்லாத்துக்குள்ளயும் போயிடுச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்து லிஃப்ட் வரைக்கும் நின்னுச்சு. நிறைய பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் உயிர்ச்சான்று."

"பென்ஷன்காரங்க வருஷா வருஷம் போய், உயிரோடதான் இருக்கேன்னு காட்டிட்டு வருவாங்களே, அதுவா?"

"அதேதான். ஆனா இது வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல. பேக்கேஜ் எழுதினவர் விரல்ல ஒரு மோதிரம் இருக்கும். எங்கயாவது யாராவது புதுசா ஆரம்பிச்சா கொத்தனார் அந்த மோதிரத்தைப் போய்க் கேக்கும். மோதிரம் லேசா ஒரு தட்டு தட்டும். நாடி துடிச்சா, ஆள் இருக்கார்னு பதில் போயிடும். செத்துட்டா வாரிசு யாராவது பொறுப்பு எடுத்துக்கணும். இல்லைன்னா பேக்கேஜுக்கு சீல்."

"இந்தக் கோடிக்கமா என்ன பண்ணும்?"

"பத்து லட்சம்னா எந்தெந்த எடத்துல கமா போடணும்னு பாத்துப் போடும். வெளிநாட்டு டூல் எல்லாம் மூணு மூணு சைபரா வெட்டிடும்ல, நம்ம லட்சம் கோடிக்கு இதுதான். கரன்ட் பில்லுல இருந்து எல்லாத்துலயும் இருக்கு."

"நான் கமாவே போடலையே!" சுடரின் குரல் எழும்பியதில் பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. "வணக்கம்னு ஒரே ஒரு வார்த்தைங்க. அதுல எங்க கமா வருது?"

"கொத்தனார் வேலை முடிச்சதும் எத்தனை பைட்டுன்னு கடைசில ஒரு வரி பிரின்ட் பண்ணும். அதுல ஒரு கமா வரும்" என்றான் ரிஸ்வான். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான், அதற்கு மேல் அங்கே இருப்பது நல்லதில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பு எழுத்துக்குக் கீழே இரண்டு பொத்தான் இருந்தது. ஒன்று 'காத்திருக்கிறேன்'. இன்னொன்று 'புகார் செய்கிறேன்'. காத்திருக்க அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு கமாவை எழுதிவைத்துவிட்டு மோதிரத்தைக் கழற்றி எங்கேயோ வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சோம்பேறியின் மீது வந்த கோபத்தில் இரண்டாவதை ஓங்கி அழுத்தினாள். 'எழுதியவரின் முகவரிக்குத் திங்கட்கிழமை நேரில் அலுவலர் செல்வார்' என்று பதில் வந்தது. திங்கட்கிழமையாம். அதற்குள் அவள் ஈரோட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டிருப்பாள்.

பேக்கேஜோடு ஒரு தொலைபேசி எண் இருந்தது. பெயர் ஆவுடையப்பன், ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே வள்ளியூர். கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். முகம் காட்டவில்லை, குரல் மட்டும்.

"அவ்வொ குளிக்காவ. என்னம்மா வேணும்?"

"மோதிரத்தைக் கொஞ்சம் மாட்டிக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

"சொல்லுதேன்."

மாலையில் கூப்பிட்டபோது அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் தூங்கிக்கொண்டிருந்தார். எரர் மட்டும் எங்கேயும் போகாமல் அதே இடத்தில் இருந்தது. சுடர் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தாள்.

"எழுப்புங்க. பரவாயில்ல, எழுப்புங்க. ஒரு மோதிரத்தை விரல்ல மாட்ட எவ்வளவு நேரங்க ஆகும்? உங்களுக்கு அது சும்மா ஒரு மோதிரம். எனக்கு வேலைங்க. நான் திரும்பிப் போக எடமில்லாம நிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் குளிக்கிறார், சாமி கும்பிடுறார், தூங்குறார், எல்லாம் பண்றார், இத மட்டும் பண்ண மாட்டாரா?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரியாத ஒரு பெண்ணிடம் அழுகிறோமே என்று அதற்கும் கோபம் வந்தது.

பிறகு திரையில் முகம் வந்தது. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் பழம்போல் வீங்கியிருந்தன.

"எம்மா, எழுப்ப முடிஞ்சா நான் எழுப்ப மாட்டனா?" என்றாள் அவள்.

அவள் பெயர் செண்பகவல்லி. ஆவுடையப்பன் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், பத்தாம் நாள் எல்லாம் முறையாக நடந்தது. சர்க்காரிடம் போய் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க மட்டும் அவள் போகவில்லை.

"சட்டத்த ஏமாத்தணும்னு செய்யல. அன்னிக்கு வீட்டுல ஒரே அழுகை. மேசை மேல கெடந்து அந்த மோதிரம் மட்டும் நிக்காமத் தட்டுது. டொக்கு, டொக்குன்னு. குளிக்கப் போகும்போது கழத்தி வச்சிருந்தாவ. யாராவது எடுத்துப் போட்டாத்தான நிக்கும்? நான் போட்டேன். நின்னுட்டு. அதுக்கு யாரு நாடின்னுலாம் தெரியாது, துடிச்சாப் போதும்."

"மூணு வருஷமாவா?"

"பொறவு கழத்த மனசு வரல. ரேசன் கடைல நிப்பேன், தட்டும். அடுப்படில நிப்பேன், தட்டும். ஒரு நாளைக்குப் பத்து பேராவது அவ்வொள இருக்காவளான்னு கேக்காவ. இந்த ஊர்ல வேற யாரு கேக்கா, சொல்லு?" அவள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "போன வாரம் கெணத்தடில வழுக்கி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில மோதிரத்தக் கழத்திட்டாவ. இப்ப ஏற மாட்டேங்கு. இடது கை விரலுக்குக் கழண்டு கழண்டு விழுது, பதில் போவ மாட்டேங்கு. காப்பித்தூள் டப்பால போட்டு வச்சிருக்கேன். உள்ள கெடந்து தட்டிக்கிட்டே இருக்கு."

காலையிலிருந்து தட்டியதில் பாதி நான்தான் என்று சுடருக்கு உறைத்தது. ஒவ்வொரு முறை ஆத்திரத்தில் மறுபடி ஓட்டியபோதும் அந்த டப்பாவுக்குள் போய்த் தட்டியிருக்கிறாள்.

"அக்கா, திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு ஆள் வருவாங்க."

"யாரு?"

"உயிர்ச்சான்று ஆபீஸ்ல இருந்து. நேர்ல பாக்க."

"ஏன், யாரு சொன்னா?"

"நான்தான் புகார் குடுத்தேன். எனக்குத் தெரியாதுக்கா. கோவத்துல அழுத்திட்டேன்."

செண்பகவல்லி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "ஜெயில்ல போட்ருவாவளாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மதியம் முழுவதும் சுடர் தன் வேலையை மறந்துவிட்டுச் சட்டத்தைப் படித்தாள். ஆள் வருவதற்கு முன்னால் வீட்டார் தாங்களே இறப்பை அறிவித்து, ஒரு வாரிசும் பொறுப்பேற்க முன்வந்தால் தண்டனை இல்லை. பொறுப்பு மாறும்வரை ஆய்வு நிறுத்திவைக்கப்படும். மாறாவிட்டால் ஆள் வருவது வருவதுதான். வாரிசு ரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் நிரலைப் படித்து அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதனால் செண்பகவல்லி வாரிசாக முடியாது. "எனக்கு கம்ப்யூட்டர அணைக்க மட்டுந்தான் தெரியும். அவ்வொ அசந்து தூங்கினப்பொறம் அணைச்சுப் பழக்கம்" என்றாள் அவள்.

சுடர் கோடிக்கமாவைத் திறந்து பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் இல்லை. கடைசி மூன்று இலக்கத்தை விட்டு, பிறகு இரண்டிரண்டாகப் பிரி. அவ்வளவுதான் விஷயம். இதைப் படித்துச் சொல்ல அவளால் முடியும். இதற்காக ஆயுசு முழுக்க விரலில் ஒரு மோதிரமா என்று நினைத்தபோது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. வாரிசாகத் தன் பெயரையே போட்டாள்.

மீதி இருந்தது அறிவிப்பு. மனைவி தன் வாயால் சொல்லி அது பதிவாக வேண்டும். 'என் கணவர் உயிருடன் இல்லை.' திரையில் அந்த வாக்கியம் எழுதியே இருந்தது. செண்பகவல்லி இரண்டு முறை 'என் கணவர்' வரை வந்து நின்றாள்.

"நாளைக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கக்கா. அவசரமில்ல" என்றாள் சுடர். அவசரம் இருந்தது. இன்னும் இரண்டே நாள்.

மறுநாள் காலையில் செண்பகவல்லி தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறமாதிரி அதை ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவ்வொ பேரு அதுல இருக்கும்லா?" என்று கேட்டாள்.

"பொறுப்பு மாறினதும் பேரும் மாறிடும்க்கா. சட்டம் அப்படி."

"கமா?"

"கமா இருக்கும்."

"அது போதும்" என்றாள் செண்பகவல்லி. போதாது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அன்று மதியமே சுடர் உயிர்ச்சான்று ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்று மோதிரம் வாங்கினாள். கவுன்டரில் இருந்தவர் விரலில் மாட்டி, விளக்கு எரிந்ததும், "வேலை செய்யுதும்மா" என்றார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டிபார்ட்மென்ட் மெஷின் வந்தது. கூடவே தணிக்கை அதிகாரி ஒரு அம்மாளும் வந்தார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒத்திகைக்கு என்று ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமே என்று சுடர் தன் மெஷினில் உட்கார்ந்தாள்.

'கோடிக்கமா: பொறுப்பேற்கவிருப்பவர் சுடர்க்கொடி. இவர் உயிரோடிருப்பது உறுதியாகவில்லை. அதுவரை பொறுப்பில் இருப்பவர் ஆவுடையப்பன். பதில் இல்லை.'

சுடர் அதை மூன்று முறை படித்தாள். பிறகு நடைபாதைக்கு ஓடி, ஆபீஸைக் கூப்பிட்டாள். அதே ஆள் எடுத்தார்.

"ஒரு வாரம் துடிப்பு பதிவாகணும்மா. அப்பறம்தான் உறுதியாகும்."

"அத நேத்து சொல்லலையே நீங்க!"

"நீங்க கேக்கலையே."

"சார், நான் உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன். உயிரோட இல்லாமயா பேசுறேன்?"

"பேசுறீங்க, நான் இல்லைன்னு சொல்லலையே. சிஸ்டத்துல இன்னும் வரலை."

"அறிவிப்புதான் குடுத்தாச்சே. செத்துப்போனவர் எப்படி சார் பொறுப்புல இருப்பார்?"

"புது ஆள் சார்ஜ் எடுக்கற வரைக்கும் பழைய ஆள்தாம்மா சார்ஜ்ல இருப்பாரு. எந்த ஆபீஸ்லயும் அதானே வழக்கம்?"

அவள் போனை ஜன்னல் வழியாக எறிந்திருப்பாள். ஜன்னல் திறக்கிற மாதிரி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிஸ்வான் கையைக் காட்டி வா வா என்றான். அதிகாரி அம்மாள் டீயை முடித்துவிட்டார். உடம்பெல்லாம் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையில் புது மோதிரம் அந்தத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் உயிரோடு இல்லை.

செண்பகவல்லியைக் கூப்பிட்டது உதவி கேட்க அல்ல. சுடர் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும், அது உண்மை என்றுதான் தோன்றியது. யாரிடமாவது சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது, விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"நான் உயிரோட இல்லையாம்க்கா. உங்க வீட்டுக்காரர்தான் இன்னும் பொறுப்புல இருக்காராம். அவர் பதில் சொல்லலையாம். இப்ப உள்ள போய் நான் என்னத்தச் சொல்ல?"

"அவ்வொ பதில் சொன்னா ஓடுமா?"

ஓடும். ஆனால் அது பொய். அதுவும் அறிவிப்பு கொடுத்த பிறகு சொல்கிற பொய். கண்டுபிடித்துவிட்டால் செண்பகவல்லியை யாரும் விடமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு சுடருக்கு முழுதாக ஒரு நொடி இருந்தது. ஈரோட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"சித்த பொறு" என்றாள் செண்பகவல்லி. டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. லைன் அறுந்தது.

உள்ளே போய்க் காலி மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். அதிகாரி அம்மாள் பின்னால் நின்றார். சுடர் தோரணத்தைப் போட்டாள், நாலு வரியை எழுதினாள், கொத்தனாரை ஓடவிட்டாள். ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் திரையில் வந்து, எழுதியவர் இருக்கிறார், இருக்கிறார் என்று பச்சையாகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கோடிக்கமாவில் வந்து நின்றது. ரிஸ்வான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றது நின்றபடியே இருந்தது.

பிறகு பச்சையானது.

'கட்டுமானம் முடிந்தது. அளவு 1,04,212 பைட்.'

பிரவுசரில் வணக்கம் வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. சுடர் அந்த எண்ணில் இருந்த முதல் கமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா பேக்கேஜ்லயும் ஆள் உயிரோட இருக்காங்கல்ல?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார். கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

"இருக்காங்க மேடம்" என்றாள் சுடர்.

ரிஸ்வான் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. மாலையில் நிரந்தரம் என்று கடிதமும் வந்துவிட்டது. அவள் மறுபடி மாடிப்படிக்குப் போய் வள்ளியூருக்குப் பேசினாள்.

"விரல்ல ஏறலைன்னீங்களே, எப்படிக்கா?"

"கை விரல்தான வீங்கியிருக்கு? கால் விரல்ல போட்டேன். மெட்டி போடுத விரல்ல. அத எடுத்ததுல இருந்து சும்மாத்தான கெடக்கு" என்றாள் செண்பகவல்லி. "கச்சிதமா இருக்கும்மா. நடந்தா லேசா உறுத்துது. மெட்டியும் மொதல்ல அப்படித்தான் உறுத்துச்சு."

சுடர் நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள், அது சரியான வார்த்தையாகத் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்ததும் செய்தி வந்தது. 'நீங்கள் உயிரோடிருப்பது உறுதியாகிவிட்டது. வாழ்த்துகள்.' வாழ்த்துகளாம். அதற்குக் கீழே ஒரு பொத்தான்: 'பொறுப்பேற்கிறேன்'. அதை அழுத்தினால் ஆவுடையப்பனின் மோதிரம் அத்தோடு நின்றுவிடும். அழுத்தாவிட்டால் வள்ளியூருக்கு ஆள் போவார்கள், காலில் மோதிரத்தோடு ஒரு பெண்ணைப் பார்ப்பார்கள். யோசிக்க இதில் ஒன்றுமில்லை. அப்படியும் மதியம்வரை அவள் அதைத் தொடவில்லை. யாரிடம் சொல்வது இந்த எரிச்சலை என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"வந்துட்டாம்மா?" என்றாள் செண்பகவல்லி எடுத்ததுமே.

"நீங்க சொன்னா இன்னும் ரெண்டு நாள் கழிச்சு..."

"வேண்டாம். கொஞ்சம் இரு. காலை நீட்டி உக்காந்துக்கிடுதேன்."

பாய் விரிக்கிற சத்தம், பெருமூச்சு, வளையல் சத்தம் எல்லாம் கேட்டது. சுடர் காத்திருந்தாள்.

"அவ்வொ போன அன்னிக்கு நான் மாத்திர வாங்க பஜாருக்குப் போயிருந்தேன்" என்றாள் செண்பகவல்லி. "வாரதுக்குள்ள முடிஞ்சுட்டு. மூணு வருசமா அதுதான் எனக்கு ஆத்தாமை. இன்னிக்குப் பக்கத்துல இருக்கேம்லா. நீ அழுத்து."

சுடர் அழுத்தினாள்.

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது, குனிந்து கால் விரலைப் பார்க்கிறாள் போலிருந்தது.

"அணைஞ்சுட்டு" என்றாள் செண்பகவல்லி. குரல் உடையவில்லை, ரொம்பச் சன்னமாகிவிட்டிருந்தது.

அதே நேரத்தில் சுடரின் இடது கையில் ஏதோ தொட்டது. கதவை யாரோ ஒற்றை விரலால் தட்டுகிறமாதிரி. எங்கேயோ ஒரு காலி மெஷினின் முன்னால் யாரோ ஒருவர், ஐந்தே நிமிடத்தில் தொடங்கிவிடலாம் என்பதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

அவளிடமிருந்து சத்தம் வராததைக் கவனித்து, "ஒனக்குத் தட்டுதா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"தட்டுதுக்கா."

"கைய ஆட்டாம வச்சுக்கோ. நீ இருக்கன்னு தெரிஞ்சதும் அது போயிரும்."